ஒரு ரோலுக்கு ஒரு மணி நேரம்

அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்த பிஸ்கட் டின்னில் 43 நெகடிவ் உறைகள் இருந்தன. பெரும்பாலானவை யாஷிகா எம்எஃப்-2 கேமராவில் எடுத்த 35 மி.மீ. கலர் நெகடிவ்கள். டின்னின் அடியில், உதகமண்டலத்தில் தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம் நான்கு ரோல் கிடந்தது. 36 படங்களுக்கான ரோலில் 37, 38 என்று இழுத்துவிடுவதை அப்பா ஒரு சாமர்த்தியமாகவே வைத்திருந்தார் என்பதால், மொத்தம் 1,500 படங்களுக்குக் குறையாது என்று கணக்கிட்டேன்.

முதலில் ஒரு ரோலை மட்டும் ஸ்கேன் செய்து தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் ஒரு குறுந்தகட்டில் ஜேபெக் கோப்புகளாகத் தந்துவிட்டார்கள். திரையில் பார்த்தபோது தாத்தாவின் வேட்டியில் ஒரு மடிப்புகூட இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல ஒரே வெள்ளையாக இருந்தது. முகங்களின் ஓரத்தில், மிகையாகக் கூர்மையாக்கியதால் வரும் வெள்ளைக் கோடு தெரிந்தது. நான்கு பக்கங்களிலும் சிறிது சிறிது வெட்டுப்பட்டிருந்தது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர் ஒவ்வொரு வேட்டியையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்த வேலையை நானே செய்வதென்று அன்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் மென்பொருள்களைப் பற்றிப் படிப்பதிலேயே போயிற்று. ஒவ்வொன்றிலும் என்னென்ன வசதிகள் உண்டு என்று பட்டியலிடுகிறார்களே தவிர, ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் கை வைக்க வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 1,500 படங்களுக்கு 250 மணி நேரம். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும், டின் மறுபடி அலமாரிக்குப் போய்விடும். ஒரு மென்பொருள் எளிமையானதா என்பதைப் பொத்தான்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. முதல் படத்துக்குச் செய்த வேலையை மற்ற 36 படங்களுக்கும் மறுபடி செய்ய வைக்காமல் இருந்தால் அதை எளிமையானது என்பேன்.

இதில் உண்மையில் மூன்று வேலைகள் இருக்கின்றன: ஸ்கேனரை இயக்கிப் படத்தை உள்ளே கொண்டுவருவது, நெகடிவை நேர்ப்படமாக மாற்றுவது, தூசியையும் கீறலையும் நீக்குவது. மூன்றையும் ஒரே மென்பொருளில் ஒரே சொடுக்கில் முடிக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நான் மூன்றையும் பிரித்துக்கொண்ட பிறகுதான் வேலை ஓடத் தொடங்கியது.

முதல் வேலைக்கு வருகிறேன். நான் வாங்கியது பழைய, தட்டையான மேசை ஸ்கேனர். மூடியின் உட்பக்கத்தில் ஃபிலிமுக்கான விளக்கு உண்டு. ஆனால் அதனுடன் வந்த மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவவே முடியவில்லை. பழைய ஸ்கேனர் வாங்கும் எவரும் சந்திக்கக்கூடிய சிக்கல் இது. கருவி பழுதில்லாமல் இருக்கும், அதை இயக்கும் மென்பொருள்தான் காலமாகியிருக்கும். 4,000 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 4,000 புள்ளிகள், தரும் நிக்கான் கூல்ஸ்கேன் கருவிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். அவற்றுக்கான நிக்கான் ஸ்கேன் மென்பொருளின் வளர்ச்சியோ எப்போதோ நின்றுவிட்டது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே இருப்பதுபோல இருப்பது எட் ஹாம்ரிக் என்பவர் 1998-இல் வெளியிட்ட வியூஸ்கேன். ஆயிரக்கணக்கான ஸ்கேனர் மாடல்களுக்குத் தேவையான இயக்கிகளை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபிலிம் ஸ்கேன் செய்வதற்கு அதன் புரொஃபஷனல் பதிப்புதான் வேண்டும், அது விலைக்குத்தான் கிடைக்கும். வாங்காமல் ஓட்டினால் படத்தின் மேல் முத்திரை விழும். ஆனாலும் உங்கள் ஸ்கேனர் அதில் வேலை செய்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே சோதித்துக்கொள்ள அந்த முத்திரை விழுந்த படமே போதும். இந்த முழு முயற்சியில் மென்பொருளுக்கென்று நான் செலவு செய்தது இதற்கு மட்டும்தான்.

ஜெர்மனியின் கீல் நகரத்திலுள்ள லேசர்சாஃப்ட் இமேஜிங் நிறுவனத்தின் சில்வர்ஃபாஸ்ட் இன்னொரு பெயர் பெற்ற மென்பொருள். அது தரும் படங்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் அதன் உரிமம் ஸ்கேனர் மாடலைச் சார்ந்தது. நாளை வேறு ஸ்கேனர் வாங்கினால் உரிமத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். பிளஸ்டெக் போன்ற ஃபிலிம் ஸ்கேனர்களை அந்த மென்பொருளுடன் சேர்த்தே வாங்கியவர்கள் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். லினக்ஸ்காரர்களுக்கு எக்ஸ்சேன் இலவசமாகவே உண்டு. ஸ்கேனருடன் வந்த மென்பொருள் இன்னும் ஓடுகிறது என்றால் எதையும் வாங்காதீர்கள். கீழே சொல்லும் அமைப்புகளை அதில் கொண்டுவர முடிந்தால் போதும்.

அந்த அமைப்புகள் பெரும்பாலும் எதையாவது அணைப்பதாகவே இருக்கின்றன. கூர்மையாக்கலை அணைத்தேன். தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்தேன். படங்களின் எல்லையைத் தானே கண்டுபிடித்து வெட்டும் வசதியையும் சீக்கிரமே அணைக்க நேர்ந்தது. அது இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள வெற்று ஃபிலிமை வைத்துத்தான் எல்லையைக் கணிக்கிறது. இரவில் எடுத்த படத்தின் இருட்டுப் பகுதியும் நெகடிவில் வெற்று ஃபிலிமைப்போலவே இருப்பதால், நெல்லையப்பர் கோயில் தெப்பக்குளத்தில் இரவில் எடுத்த ஒரு படத்தைச் சரியாக நடுவில் வெட்டி வைத்தது. இப்போது ஓரத்தின் வெற்று ஃபிலிமும் சிறிது தெரியும்படி கொஞ்சம் அகலமாகவே ஸ்கேன் செய்கிறேன். இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. அந்தக் காலத்து மூன்றரைக்கு ஐந்து அங்குல பிரிண்ட், நெகடிவைவிடச் சற்றுக் குட்டையான வடிவம் என்பதால் ஓரங்களை விழுங்கிவிடும். வாசலில் ஆச்சி நிற்கும் படத்தின் பிரிண்டை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன்; நெகடிவின் இடது ஓரத்தில், கோலத்தின் மேல், கேமராவைக் கண்ணருகே தூக்கிப் பிடித்த அப்பாவின் நிழல் விழுந்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

டிபிஐ விஷயத்தில் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. 6,400 டிபிஐ என்று சொல்லும் மேசை ஸ்கேனர்கள் நடைமுறையில் அதில் பாதி நுணுக்கத்தைக்கூடப் பிரித்துக் காட்டுவதில்லை. 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள ஒரு படத்தை 2,400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். நிறத்தின் படிகளை நுணுக்கமாகப் பதியும் 16-பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 46 எம்பி. அதையே 6,400-இல் செய்தால் 330 எம்பி ஆகும், படத்தில் கூடுதலாகத் தெரிவது ஒன்றும் இருக்காது. 1,500 படங்களால் பெருக்கிப் பாருங்கள். முன்னது ஒரு சிறிய வன்தட்டில் அடங்கும், பின்னது அரை டெராபைட்டாகும். நான் 2,400-இல் நின்றுவிட்டேன்.

16-பிட் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஏன் என்பதை விளக்கக் கலர் நெகடிவின் ஆரஞ்சு நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

நெகடிவில் படத்தை உருவாக்கும் சாயங்கள் குறையற்றவை அல்ல. பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டிய மெஜந்தா சாயம் நீல ஒளியையும் ஓரளவு விழுங்குகிறது. சிவப்பை மட்டும் தடுக்க வேண்டிய சயான் சாயமும் இப்படித்தான் அண்டை வீட்டுக்குள் கை நீட்டுகிறது. இதைச் சரிக்கட்ட, சாயமாக மாறவேண்டிய வேதிப்பொருளுக்கே முன்கூட்டி ஒரு மஞ்சள், இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுத்துவிட்டார்கள். சாயம் உருவான இடத்தில் அந்த நிறம் மறையும், உருவாகாத இடத்தில் அப்படியே தங்கும். இதனால் பிழை படத்துக்குப் படம், இடத்துக்கு இடம் மாறாமல் ஃபிலிம் முழுவதும் ஒரே அளவாகிவிடுகிறது. ஒரே அளவான பிழையைப் பிரிண்ட் போடும்போது ஒரே ஒரு முறை கழித்துவிடலாம். நாம் பார்க்கும் ஆரஞ்சு அதுதான். கலர் லேபில் பிரிண்ட் போட்டவர் இதைத் தினமும் கழித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

கழிக்காமல் நிறங்களை வெறுமனே தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதை ஆச்சியின் படத்திலேயே பார்த்தேன்: வாசல், சுவர், ஆச்சி எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நீலம் பாய்ந்து கிடந்தன. அந்த நெகடிவின் ஓரத்திலுள்ள வெற்று ஃபிலிமில் நிறத்தை அளந்தபோது, 255-க்குச் சிவப்பு 214, பச்சை 128, நீலம் 88 என்று வந்தது. அதாவது நீலத்தின் அளவை மட்டும் பார்த்தால் படம் முழுவதும் 88-க்குக் கீழேதான் இருக்கிறது. காட்சியின் மிக வெளிச்சமான இடம், நெகடிவில் மிக இருட்டாக இருப்பதால், 22-இல் நின்றது. ஆக, 8-பிட் கோப்பில் நீலத்துக்கென்று மொத்தம் 66 படிகள். அந்த 66 படிகளைத்தான் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகளாக இழுக்க வேண்டும். எண்ணெய் இல்லாமல் சப்பாத்தி மாவை இழுத்ததுபோல அது பிய்ந்து, வானம் பட்டை பட்டையாகத் தெரியும். 16-பிட்டில் அதே இடைவெளிக்குள் சுமார் 17,000 படிகள் இருக்கின்றன. எவ்வளவு இழுத்தாலும் பிய்வதில்லை.

ஒன்றிரண்டு படங்கள் என்றால் இதை கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளிலேயே செய்துவிடலாம். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அது 16-பிட் கோப்புகளைக் குறைக்காமல் கையாள்கிறது. வெற்று ஃபிலிமின் ஆரஞ்சு நிறத்தைச் சொட்டுக் குழாய்க் கருவியால் எடுத்துக்கொண்டு, படத்தின் மேல் ஒரு புதிய அடுக்கை அந்த நிறத்தால் நிரப்பி, அடுக்கின் முறையை ‘வகுத்தல்’ என்று மாற்றினால் ஆரஞ்சு மறைந்து ஓரம் வெண்மையாகிவிடும். பிறகு அடுக்குகளை இணைத்துவிட்டு, நிறங்களைத் தலைகீழாக்கி, லெவல்ஸ் பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் இரு முனைகளையும் படம் தொடங்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழியில்லை. ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். ஆனால் ஒரு படத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும், என் கணக்குக்குக் கட்டுப்படியாகாது.

ரோல் ரோலாகச் செய்வதற்கு டார்க்டேபிள். இதுவும் இலவசம். 2020 ஆகஸ்டில் வந்த 3.2 பதிப்பில் நெகடாக்டர் என்ற பகுதியைச் சேர்த்தார்கள். வெற்று ஃபிலிம் உள்ள இடத்தை ஒரு சிறு கட்டமாக வரைந்து காட்டினால் ஆரஞ்சு நிறத்தை அதுவே அளந்துகொள்கிறது. அதன் பிறகு உள்ளவை, இருட்டறையில் காகிதத்தில் பிரிண்ட் போடுபவர் செய்யும் முடிவுகளின் பெயரிலேயே இருக்கின்றன: காகிதத்தின் கறுப்பு எவ்வளவு, அதன் தரம் எது, வெளிச்சம் எத்தனை. முதல் படத்தில் இதைச் சரிசெய்தபின் அந்த அமைப்பை நகலெடுத்து ரோலின் மற்ற படங்கள் எல்லாவற்றிலும் ஒட்டிவிடலாம். ஒரே ரோல், ஒரே நாளில் ஒரே தொட்டியில் கழுவியது என்பதால் ஆரஞ்சு நிறம் மாறுவதில்லை. மீதிப் படங்களில் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை பச்சை பூத்து நிற்கும். அவற்றுக்குத் தனியாக ஓரிரு நிமிடம் வேண்டும்.

டார்க்டேபிளைத் திறந்ததும் பயம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு பெரிய பலசரக்குக் கடை. நமக்கு வேண்டியதோ உப்பும் புளியும். நெகடாக்டர், வெட்டுதல், சுழற்றுதல் ஆகியவற்றை மட்டும் பிடித்தமானவை வரிசையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திரையிலிருந்து மறைத்துவிட்டேன். தொனியைத் தானாக மாற்றும் ஃபில்மிக் போன்ற பகுதிகள் தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தால் அவற்றை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெகடாக்டர் ஒரு பக்கம் இழுக்க, அது இன்னொரு பக்கம் இழுக்கும். இது தெரியாமல் முதல் மூன்று மாலைகளை வீணாக்கினேன்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு ராதெரபீ என்ற இன்னொரு இலவச மென்பொருள் சுலபமாக இருக்கும். அதன் ஃபிலிம் நெகடிவ் பகுதி 2019-இல் 5.7 பதிப்புடன் வந்தது. படத்தில் நிறமற்ற இரண்டு இடங்களை, ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும், சொடுக்கிக் காட்டினால் மீதியை அதுவே கணக்கிடும். 5.8 பதிப்பு வரை டிஜிட்டல் கேமராவின் ‘ரா’ எனப்படும் மூலக்கோப்புகளுக்குத்தான் இது வேலை செய்தது, ஸ்கேனரின் டிஃப் கோப்புகளுக்கு 5.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். நிறமற்ற இடம் என்றதும் நான் தாத்தாவின் வேட்டியைத்தான் சொடுக்கினேன். படம் முழுவதும் மஞ்சளடித்தது. சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி வெள்ளையாகத் தெரியுமே தவிர, நிறமற்றதன்று. சிமெண்டுத் தரையையும் எவர்சில்வர் குடத்தின் நிழலையும் காட்டியபோது சரியாக வந்தது.

நெகடிவ் லேப் புரோ என்ற நீட்சியைப் பலர் புகழ்கிறார்கள், அதன் நிறங்கள் உண்மையிலேயே அழகு. ஆனால் அதை விலைக்கு வாங்குவதோடு, அது உட்கார்வதற்கு அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மென்பொருளும் வேண்டும். டின்னில் இருப்பதை முடித்துவிட்டு விலகப்போகிற என்னைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை.

தூசிக்கு வருவோம். கலர் நெகடிவுக்கு அகச்சிவப்பு ஒளி ஒரு வரம். நெகடிவின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுக்காமல் விட்டுவிடுகின்றன, தூசியும் கீறலும் தடுக்கின்றன. ஆகவே ஸ்கேனர் அகச்சிவப்பில் இன்னொரு முறை பார்த்தால் தூசிகளின் வரைபடம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. மென்பொருள் அந்த இடங்களை அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்பிவிடுகிறது. வியூஸ்கேனில் இதற்கு மூன்று அளவுகள் உண்டு. நான் ‘லைட்’ என்பதற்கு மேல் போவதில்லை; அதற்கு மேல் போனால் தாவணிக் கரையின் சரிகைப் புள்ளிகளையும் தூசியென்று துடைத்துவிடுகிறது. ஸ்கேன் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்றாலும் அது இயந்திரத்தின் நேரம், என்னுடையது அன்று. அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

‘இந்து’ ஃபிலிம்களிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால் மென்பொருளின் கண்ணுக்கு முழுப் படமும் தூசியாகத் தெரியும். தெரியாமல் அந்த வசதியை இயக்கிவிட்டு எடுத்த முதல் படத்தில், சித்தப்பாவின் தலைமுடியெல்லாம் மெழுகில் வார்த்ததுபோல வழுவழுவென்று வந்தது. அந்த நான்கு ரோல்களையும் ஊதுபந்தால் ஊதி, ஸ்கேன் செய்து, கிம்ப்பின் ‘ஹீல்’ தூரிகையால் ஒவ்வொரு புள்ளியாகக் குணப்படுத்தினேன். முகங்களிலும் வானத்திலும் உள்ளவற்றை மட்டும் நீக்குவது, மரத்திலும் மண்ணிலும் உள்ளவற்றை விட்டுவிடுவது என்று எனக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன். பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினால் கைக்கு ஓய்விருக்காது.

ஸ்கேனரே வேண்டாம், டிஜிட்டல் கேமராவால் நெகடிவைப் படமெடுத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. மிக அருகில் வைத்துப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் அது மிக வேகமான வழி. விளக்குக்குப் பதிலாகக் கைப்பேசித் திரையை வைப்பவர்கள், நெகடிவைத் திரைமேலேயே ஒட்டி வைக்கக் கூடாது; திரையின் புள்ளிக் கட்டங்கள் படத்தில் விழும். இடையில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்றை வைத்துச் சற்று உயர்த்தினால் கட்டங்கள் மறையும். அதற்குப் பிறகு டார்க்டேபிளில் செய்வது ஒன்றேதான்.

கடைசியாகத் தேதி. ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகும். அப்படியே விட்டால் ஆச்சி சென்ற மாதம் வாசலில் நின்றதாகக் கைப்பேசி சொல்லும். இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேமில் ஒரு ரோலின் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் தேதியை மாற்றிவிடலாம். கட்டளை வரிக்குப் பழகியவர்களுக்கு எக்ஸிஃப்டூல் இன்னும் வேகம். தேதியைச் சொல்லத்தான் மென்பொருள் இல்லை. ஒரு ரோலில் நெல்லையப்பர் தேர் வந்தது. ஆகவே அது ஆனி மாதம். ஆனால் எந்த ஆண்டு?

மடிக்கணினியை அம்மாவிடம் திருப்பிக் காட்டினேன். “இது உங்க சித்தி கல்யாணத்துக்கு முந்தின வருஷம்டா. பாரு, கையில வளையல் மட்டுந்தான் இருக்கு, வாட்ச் இல்ல. வாட்ச் மாப்பிள்ளை வீட்டுல போட்டது” என்றார். சித்திக்குத் திருமணம் 1991-இல். கோப்புறையின் பெயரை 1990 ஆனி என்று மாற்றினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலையும் முதலில் சிறிய அளவில் மாற்றி அம்மாவிடம் காட்டி, அவர் சொல்வதைப் படக்குறிப்பில் தமிழிலேயே தட்டி வைக்கிறேன். ஒரு ரோலுக்கு ஆகும் ஒரு மணி நேரத்தில் பாதி அதற்குத்தான் போகிறது.

இதுவரை 41 உறைகள் முடிந்திருக்கின்றன. எஞ்சிய இரண்டில் ஈரம் புகுந்து துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் யாரோ வரிசையாக நிற்பது தெரிகிறது. இழுத்தால் படப்பூச்சு உரிந்து வந்துவிடும் என்பதால் இன்னும் கை வைக்கவில்லை. நெகடிவ்களை நனைத்துப் பிரிப்பதில் கை தேர்ந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.